முன்னூறு மீட்டரில் ஒரு மடிப்பு

எழுபதுகளின் பிற்பாதியில் எங்கள் நாட்டில் கஜம் போய் மீட்டர் வந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த துணிக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார் முதலாளி. ஒரு பத்தியில் கஜம், பக்கத்துப் பத்தியில் மீட்டர். தமிழ்நாட்டுக் கடலோர ஊரிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரி அவர். பேச்சில் கெட்டிக்காரர். "அட்டையப் பாத்துப் பாத்து அளந்தா வாங்க வந்தவ வீட்டுக்குப் போயிருவா. ரெண்டு மாசத்துல அட்டை உங்களப் பாத்துப் படிக்கணும்" என்றார். அப்படியே ஆயிற்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆறு கஜம் ஐந்தரை மீட்டர் என்று சொல்லுவோம்.

வாங்க வருகிற பெண்களுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை.

"மீட்டர்ல குடுத்தா புடவை சின்னதாயிருமா, அண்ணே?"

"நீங்க பெருசாகாம இருந்தா அதுவும் சின்னதாகாதுக்கா."

இப்படி ஏதாவது நல்ல பேச்சு காதில் விழுந்தால் தீர்ந்துபோன பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மற்றவர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான் என் கல்வி. அந்தக் கல்வியில் அட்டை ஒரு பாடத்தை ஆழமாகப் பதித்திருந்தது. ஒரு பத்தியில் எண் ஏறினால் மறு பத்தியிலும் ஏறும், இரட்டிப்பானால் இரட்டிப்பாகும். உலகத்து அளவுகள் எல்லாமே இப்படித்தான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு தாயின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டது.

நான் குடியிருந்தது ரயில் பாதைக்கு அருகில், ஒரு யாழ்ப்பாணத் தமிழ் அம்மையாரின் வீட்டுப் பின்னறையில். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, நான் குடிவருவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் காலமாகியிருந்தார். நான் அவரை ஆன்டி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். தமிழிலும் ஆங்கிலத்திலும் அளந்துதான் பேசுவார், சிரிப்பதும் அளந்துதான். கூடத்தில் கணவருடைய பழைய வால்வு ரேடியோ இருந்தது. அரக்கு நிற மரப்பெட்டி. முன்னால் கண்ணாடியில் உலகத்து நகரங்களின் பெயர்கள். நடுவே ஒரு பச்சைக் கண். நிலையம் சரியாகக் கிடைத்தால் அந்தக் கண் சுருங்கும், விலகினால் விரியும். போட்டவுடன் பாடாது, வால்வு சூடாக ஒரு நிமிடம் ஆகும். அதுவரை ஆன்டி அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"இவர் இன்னும் முகம் கழுவேல்லை" என்பார்.

ஒரே மகன். தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வெளிநாடு போனவன். ரயில்வேயில் சேரச் சொல்லி அவர் விண்ணப்பத் தாளையே வாங்கி வைத்திருந்தாராம், அவன் அதைக் கிழித்தானாம். ஆறு வருடமாகக் கடிதம் இல்லை. தகப்பன் இறந்ததைச் சொல்லி அனுப்பிய தந்தி, ஆள் அந்த முகவரியில் இல்லை என்று திரும்பி வந்தது. இத்தனையும் எனக்குத் தெரிந்தது ஒரே நாளில்தான். அந்த வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது ஆன்டி வாசலிலேயே நின்றார், கையில் விமானத் தபால்.

"தம்பி, உங்களுக்குக் கணக்கு வருமெல்லோ?"

கடிதம் மகனின் பள்ளித் தோழன் எழுதியது. ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் தற்செயலாக அவனைப் பார்த்திருக்கிறான். அங்கே ஒரு வானொலியின் தமிழ்ப் பிரிவில், நேயர் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற வேலையில் இருக்கிறானாம். நிகழ்ச்சி வாசிப்பவர் விடுப்பில் போயிருப்பதால் மூன்று ஞாயிற்றுக்கிழமை இவனே வாசிக்கிறானாம். முகவரி கேட்டதற்குத் தரவில்லை. தோழன் தானாகவே விசாரித்து எழுதியிருந்தான்: உங்கள் நேரம் மாலை ஆறரை மணி, 11,800 கிலோ ஹெர்ட்ஸ்.

கடிதம் வந்து சேர்வதற்குள் முதல் ஞாயிறு போய்விட்டது. மீதி இரண்டு.

"அவன் என்ன வாசிச்சாலும் பரவாயில்லை" என்றார் ஆன்டி. "குரல் ஒருக்காக் கேட்டால் காணும். ஆனால் இதிலை பதினோராயிரம் எண்டு ஒண்டும் இல்லையே."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அந்தப் பழைய ரேடியோவின் கண்ணாடியில் கிலோ ஹெர்ட்ஸே கிடையாது. மீட்டர் மட்டும்தான். சிற்றலைக்கு, அதாவது ஷார்ட் வேவுக்கு, இரண்டு வரிசை. ஒன்றில் பதின்மூன்றிலிருந்து நாற்பது வரை, மற்றதில் நாற்பதிலிருந்து நூற்றிருபது வரை. வேறு ரேடியோவுக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்தில் இருந்த கேசட் ரேடியோ எதிலும் சிற்றலை இல்லை. யாரையாவது கேட்கலாம் என்றேன். ஆன்டி உடனே மறுத்தார்.

"ஊருக்குச் சொல்லாதேங்கோ, தம்பி. ஆறு வருஷமாய் 'மகன் சுகமாய் இருக்கிறான்' எண்டு சொல்லிப்போட்டன். இப்ப ரேடியோவிலை தேடுறன் எண்டு சொல்லேலுமே?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் யாரிடமும் காரணம் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மீட்டர் என்று கண்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. என் தொழிலே அதுதானே. பிடித்துக்கொள்ள ஒரு முனை மட்டும் வேண்டும். அது ஆன்டியின் காலைப் பழக்கத்திலேயே இருந்தது. தினமும் அவர் கேட்கிற ஒரு வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பில், தொடங்கும்போது அறிவிப்பாளர் சொல்லுவார்: "நாற்பத்தொன்பது மீட்டர், ஆறாயிரத்து நூறு கிலோ ஹெர்ட்ஸ்." ஆறாயிரத்து நூறுக்கு நாற்பத்தொன்பது. அப்படியானால் பதினோராயிரத்து எண்ணூறுக்கு? ஏறக்குறைய இரட்டிப்பு, கொஞ்சம் குறைவு. மனதிலேயே போட்டேன். தொண்ணூற்றைந்து.

"தொண்ணூத்தஞ்சு மீட்டர், ஆன்டி. ரெண்டாவது வரிசை."

"இவ்வளவு கெதியாய்?"

"துணிக்கடையில நாளைக்கு நூறு தடவை போடுற கணக்குதான்."

அந்தப் பெருமை இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது.

ஞாயிறு மாலை ஆறேகாலுக்கே இருவரும் ரேடியோ முன்னால் உட்கார்ந்தோம். ஆன்டி வெளியே போகும்போது கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தார். தொண்ணூற்றைந்தில் முள்ளை வைத்தேன். இரைச்சல். எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிகிற மாதிரி ஓசை. அதற்கு நடுவே கிட்டத்தில் எங்கோ கடலில் போகிற கப்பல் தந்தி அடிக்கிற கீச்சுக் கீச்சு. ஆறரை ஆயிற்று. இடது பக்கம் ஒரு மயிரிழை, வலது பக்கம் ஒரு மயிரிழை என்று திருகினேன். இரைச்சலுக்கு அடியில் ஓர் ஆண் குரல் கேட்டது. என்ன மொழி என்றே தெரியவில்லை.

துணி மறைத்த ஒலிபெருக்கிமேல் ஆன்டி காதை வைத்தார்.

"இதுதான். இருமுறான் பாருங்கோ. சின்னனிலையும் இப்பிடித்தான், வாசிக்கத் தொடங்கினால் இருமுவான்."

எனக்கு அது இருமலாகக் கேட்கவில்லை. மின்னல் எங்கோ வெட்டும்போது ரேடியோவில் வருகிற வெடிப்புச் சத்தம் அது. ஏழு மணிக்கு அந்தக் குரல் நின்று, அதே இடத்தில் வேறு நாட்டுப் பாட்டு ஒன்று வந்தது. ஆன்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையை எடுத்துக் கண்ணாடியில் படிந்த தன் மூச்சைத் துடைத்தார்.

"அது அவனில்லை, என்ன தம்பி?"

"இல்லை, ஆன்டி."

"ஓம். எனக்கும் தெரிஞ்சது."

மீதி ஒரு ஞாயிறு.

டயல் முழுக்கத் தேடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாரம் மாலைகளில் தேடிப் பார்த்தேன். சிற்றலையில் ஒரு விரல் அகலத்துக்குள் இருபது நிலையம். அரை மணி நேரத்தில் அதில் ஒரு குரலைப் பிடிப்பது, தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் விட்ட செருப்பைத் தேடுகிற வேலை. இடம் தெரியாமல் நடக்காது. என் கணக்கில் எங்கே பிழை என்றும் புரியவில்லை. ஆறு நாளும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஓர் அண்ணனும் தங்கையும் கடைக்கு வந்தார்கள். பண்டமாரானிலிருந்து கிள்ளான் வந்து அங்கிருந்து பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார்கள். தங்கைக்கு நிச்சயதார்த்தப் புடவை. அண்ணனுக்கு என் வயதுதான் இருக்கும். புடவைக் கடையில் ஆண்கள் உட்காருகிற மாதிரியே, பல் பிடுங்கக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கொடுக்க, என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன்.

"கப்பல்ல ரேடியோ ஆபீசர், அண்ணே. லீவுல வந்தேன். லீவுன்னா இப்படித்தான் லா."

என் கையிலிருந்த புடவை நழுவிற்று. காரணம் சொல்லக் கூடாது. ஆனால் கணக்குக் கேட்கலாம்.

"பாஸ், ஆறாயிரத்து நூறு கிலோ ஹெர்ட்ஸ் நாப்பத்தொம்பது மீட்டர்னா, பதினோராயிரத்து எண்ணூறு தொண்ணூத்தஞ்சுதானே?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார்.

"அண்ணே, நீங்க துணிக் கணக்கு போடுறீங்க. இது தலைகீழ். அது ஏறினா இது இறங்கும்."

"அதெப்படி?"

"எனக்கு எப்படின்னு தெரியாது. வகுக்கத் தெரியும். கிலோ ஹெர்ட்ஸை ஆயிரத்தால வகுத்தா மெகா ஹெர்ட்ஸ். முன்னூறை எடுத்து அந்த மெகா ஹெர்ட்ஸால வகுங்க. மீட்டர் வந்துரும். எந்தக் கடல்லயும் இதான்."

"முன்னூறு எங்கேருந்து வந்துச்சு?"

"அலை ஓடுற வேகம். ஒரு செகண்டைப் பத்து லட்சமா வெட்டுங்க. அந்த ஒரு துண்டு நேரத்துல அலை முன்னூறு மீட்டர் போயிரும். எந்த ஸ்டேஷனா இருந்தாலும் அதே வேகந்தான். அந்த முன்னூறுக்குள்ள எத்தனை அலை இருக்கோ, அதான் மெகா ஹெர்ட்ஸ். ஒரு அலை எவ்வளவு நீளமோ, அதான் மீட்டர்."

சொன்னது காதுக்குள் போயிற்று, தலைக்குள் போகவில்லை. அதற்குள் தங்கை கூப்பிட்டுவிட்டார். "அண்ணே, இதைக் கட்டிக் காட்டுங்க." எங்கள் கடையில் விற்பனையாளர்கள்தான் புடவையைத் தங்கள் இடுப்பில் சுற்றிக் காட்டுவோம். புது ஆட்களுக்கு முதல் வாரம் வெட்கமாக இருக்கும், பிறகு பழகிவிடும். மாம்பழ நிறப் பட்டுப்புடவையை இடுப்பில் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி, முந்தானையைத் தோளில் போட்டேன். நடுவில் மிஞ்சிய துணியை விரலுக்கிடையே பிடித்துக் கொசுவம் வைத்தேன். ஐந்து மடிப்பு வந்தது.

அந்தப் பெண் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பட்டைப் பட்டையா இருக்கே. எட்டு வர்ற மாதிரி வைங்க."

அவிழ்த்தேன். துணி அதே துணிதான். இந்தத் தடவை விரல்களை நெருக்கி ஒவ்வொரு மடிப்பையும் குறுகலாகப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது மடிப்பு விரலில் ஏறும்போது என் கை நின்றுவிட்டது.

மிஞ்சிய துணி மாறவில்லை. மடிப்பு கூடினால் மடிப்பின் அகலம் குறைகிறது. குறையாமல் என்ன செய்யும்? முன்னூறு மீட்டர்த் துணி. அதில் ஆறு மடிப்பு வைத்தால் ஒவ்வொன்றும் அகலம். பன்னிரண்டு வைத்தால் ஒவ்வொன்றும் பாதி. பதினைந்து வருடமாக நாளைக்குப் பத்துத் தடவை என் விரல் செய்கிற வேலை இது. என் தலைதான் அட்டையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, புடவை கட்டிட்டு தியானம் பண்றீங்க?" என்றார் அந்தப் பெண்.

எட்டாவது மடிப்பையும் வைத்துச் செருகிவிட்டு, இடுப்பில் பட்டோடேயே கல்லாவுக்குப் போனேன். பில் புத்தகத்தின் பின்பக்கம். முதலில் தெரிந்த எண்ணைச் சோதிப்போம். ஆறாயிரத்து நூறு என்றால் ஆறு புள்ளி ஒன்று. முன்னூறை ஆறு புள்ளி ஒன்றால், அதாவது மூவாயிரத்தை அறுபத்தொன்றால் வகுத்தேன். நாற்பத்தொன்பது புள்ளி ஒன்று எட்டு.

நாற்பத்தொன்பது. தினமும் காலையில் அந்த அறிவிப்பாளர் சொல்லுகிற அதே நாற்பத்தொன்பது. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று இருந்த ஓர் எண், என் பென்சில் முனையிலிருந்து தானாக இறங்கி வந்தது. கடவுள் நம்பிக்கையைப் பற்றி எனக்கு அதிகம் பேசத் தெரியாது. ஆனால் கோயிலில் திரை விலகுகிற நேரத்தில் மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதை அன்றைக்குத்தான் உள்ளுக்குள் புரிந்துகொண்டேன்.

அடுத்தது. மூவாயிரத்தை நூற்றுப் பதினெட்டால். இருபத்தைந்து புள்ளி நான்கு இரண்டு.

"இருபத்தஞ்சு மீட்டர், பாஸ்."

"அதான் லா. இருபத்தஞ்சு மீட்டர்ல நல்லாக் கேக்கும்."

"இந்த வேகத்தை யாரு அளந்தாங்க?"

"யாரோ அளந்துட்டுப் போயிட்டாங்க. நாம வகுத்துக்கிட்டு இருக்கோம்."

இதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதினேன். முதலாளி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "புடவைய வித்தாச்சா, இல்ல நீயே கட்டிட்டுப் போகப் போறியா?"

அவர்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபத்தைந்து மீட்டரும் கொஞ்சமும். அது எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. கடையின் மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு கடை வாசலிலிருந்து, கடைகளை ஒட்டி ஓடுகிற ஐந்தடி நடைபாதையில் குனிந்து குனிந்து அளந்துகொண்டே போனேன். பூக்கடை, அதற்கடுத்த சாப்பாட்டுக் கடை, பாத்திரக் கடை.

"என்னண்ணே, ரோட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" பூ கட்டுகிற அக்கா கேட்டார்.

"அளவு எடுத்து வைக்கிறேன்க்கா."

இருபத்தைந்து கோலும் அதற்கு மேல் இரண்டு சாணும். முடிதிருத்தும் கடையின் படியில் போய் நின்றது. திரும்பி எங்கள் கடை வாசலைப் பார்த்தேன். இவ்வளவு தூரத்துக்கு ஓர் அலை. அது என்னைத் தொடாமல், பூவை அசைக்காமல், சாப்பாட்டுக் கடை ஆவியைக் கலைக்காமல் இந்தத் தெரு வழியாகப் போகிறது. ஒரு செகண்டில் இப்படி ஒரு கோடியே பதினெட்டு லட்சம். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அது உலகத்தையே சுற்றிவிடும். கோடி என்று சொல்லுவது சுலபம். எங்கள் கடையில் நான் பிறந்த நாளிலிருந்து அளந்திருந்தாலும் ஒரு கோடி மீட்டர் தேறாது. அந்தக் கூட்டத்தில் ஒரு தாய்க்கு வேண்டிய குரல் எங்கோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. முடிதிருத்துபவர் கத்தியோடு வெளியே வந்து, "வெட்டணுமா, அண்ணே?" என்று கேட்கும் வரை அங்கேயே நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் தவறைச் சொன்னேன். நான்தான் அந்த ஞாயிற்றைக் கெடுத்தேன் என்றும் சொன்னேன். ஆன்டி கொசுவக் கணக்கை முழுதாகக் கேட்டார். பிறகு தன் புடவைக் கொசுவத்தைக் குனிந்து பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமாய்க் கட்டுறன். இதுக்குள்ளை இவ்வளவு இருந்ததே?"

பிறகு, "நாளைக்கும் நீங்களே திருகுங்கோ" என்றார். அவ்வளவுதான் அவர் கடிந்துகொண்டது.

ஞாயிறு மாலை. கண்ணாடியின் முதல் வரிசையில் இருபத்தைந்துக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் துணி அளக்கும் நாடாவால் அளந்து, இருபத்தைந்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரு கீற்று இழுத்தேன். ரேடியோ சூடாகும் வரை ஆன்டி அதன் முன்னால் நின்றார்.

ஆறு இருபத்தெட்டுக்குக் கீற்றில் முள் நின்றது. இரைச்சல் இருந்தது, ஆனால் தள்ளி இருந்தது, பக்கத்துத் தெரு மழை மாதிரி. ஒரு மயிரிழை திருகினேன். பச்சைக் கண் சிலிர்த்தது. இன்னும் ஒரு மயிரிழை. கண் மெல்லச் சுருங்கி, ஒரு பச்சைக் கோடாக நின்றது. நாதஸ்வரம். பிறகு அமைதி. பிறகு இளம் ஆண் குரல் ஒன்று, நிதானமாக, நல்ல தமிழில், நேயர்களுக்கு வணக்கம் சொன்னது.

ஆன்டி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்கத் தேவையிருக்கவில்லை.

அவன் நேயர் கடிதங்களை வாசித்தான். யாரோ ஒருவர் தன் ஊரில் நிகழ்ச்சி தெளிவாகக் கேட்பதாக எழுதியிருந்தார். இன்னொருவர் பாட்டுக் கேட்டிருந்தார். எனக்கு அதில் பாதி நினைவில்லை. ஆன்டி கடிதங்களைக் கேட்கவேயில்லை. வார்த்தைகளுக்கு நடுவே எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"சளி பிடிச்சிருக்கு" என்றார் மெதுவாக. அதற்கு அடுத்த வாக்கியத்தில் அவன் உண்மையாகவே இருமினான். மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ரயில் வந்தது. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு ரயில் சத்தம் காதிலேயே விழாது, அன்றைக்கு விழுந்தது. ஜன்னல் அதிர்ந்தது, குரல் மூழ்கியது, பச்சைக் கண் மட்டும் சுருங்கியபடி விழித்துக்கொண்டிருந்தது. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, முடியவே இல்லை. சரக்கு ரயில்.

ஆன்டி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போயும் தகப்பன் விடுறாரில்லை. பெடியனை ஒருக்காப் பேச விடமாட்டார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அந்த வீட்டில் இருந்த வருடங்களில் அவர் அளக்காமல் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். ரயில் போய்விட்டிருந்தது, அவன் பேசிக்கொண்டிருந்தான்.

முடிக்கும்போது வழக்கமான அறிவிப்பு. அடுத்த வாரத்திலிருந்து பழையபடி மூத்த அறிவிப்பாளர் சந்திப்பார் என்றான். பிறகு, "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது இருபத்தைந்து மீட்டர், பதினோராயிரத்து எண்ணூறு கிலோ ஹெர்ட்ஸ்" என்றான்.

எங்கோ குளிரில் ஓர் அறையில் உட்கார்ந்து அவன் இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுகிறான். இங்கே என் பில் புத்தகத்தில் அதே இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஆறு வருடம், எத்தனையோ கடல். பேசியது அந்த நொடியே வந்து சேர்ந்துவிட்டது. நான் ரேடியோவின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தேன். மரம் சூடாக இருந்தது.

"நிப்பாட்டாதேங்கோ" என்றார் ஆன்டி. நிகழ்ச்சி முடிந்து வேற்றுமொழி தொடங்கியும் கால் மணி நேரம் அப்படியே இருந்தார்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது மேசையில் ஒரு தாள் விரிந்திருந்தது. சிற்றலை கேட்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதுவார்கள். நிலையம் அதைச் சரிபார்த்து ஓர் அட்டை அனுப்பும். நேற்று அவன் வாசித்ததில் பாதி அந்த மாதிரிக் கடிதங்கள்தான். கடிதங்களைப் பிரிக்கிற மேசை யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எண்ணுகளை நீங்கள் எழுதுங்கோ, தம்பி. பிழைச்சுப்போகும்."

தேதி, நேரம், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர் என்று எழுதினேன். 11,800 கிலோ ஹெர்ட்ஸ். அதற்குப் பக்கத்தில் 25.42 மீட்டர் என்று புள்ளியோடு எழுதினேன், விட மனமில்லை. ஒலியின் தரம்: தெளிவு. இடையூறு: ரயில். கடைசியில் குறிப்பு என்று ஓர் இடம் விட்டேன். ஆன்டி பேனாவை வாங்கி, யோசிக்காமல், ஒரே மூச்சில் எழுதினார்.

"இது அப்பாவின் ரேடியோ. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. தந்தி திரும்பி வந்தது. இருமலுக்கு மருந்து எடுக்கவும்."

கையெழுத்தில் தன் பெயரைப் போடவில்லை. நேயர் என்று போட்டார்.

நிகழ்ச்சி முடிவில் அவன் சொன்ன நிலைய முகவரியை எழுதி, தபால் நிலையத்தில் நானே சேர்த்தேன். ஏழு வாரம் ஒன்றும் வரவில்லை. ஆன்டி கண்ணாடியில் நான் போட்ட சுண்ணக்கட்டிக் கீற்றை மட்டும் துடைக்காமல், அதைச் சுற்றித் துடைத்துவந்தார். எட்டாவது வாரம் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் நின்றார், கையில் ஓர் அட்டை.

முன்பக்கம் அந்த நகரத்தின் பாலம் ஒன்றின் படம். பின்பக்கம் அச்சடித்த கட்டங்களில் தேதியும் நேரமும் தட்டச்சில் இருந்தன. அலை நீளம் என்ற கட்டத்தில் மட்டும் கையால் எழுதியிருந்தது: 25.42. அதற்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில் மூன்று வரி.

"இருமல் நின்றுவிட்டது, அம்மா. எனக்குத் தெரியாது. அப்பாவின் ரேடியோவை விற்காதீர்கள்."

நான் வாசித்துத் திருப்பிக் கொடுத்தேன். ஆன்டி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த 'அ'வைப் பாருங்கோ, தம்பி. இப்பவும் கொழுக்கட்டை மாதிரித்தான் எழுதுறான்" என்றார். பிறகு உள்ளே போய் ரேடியோவைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அது சூடாகும் வரை நின்றார்.